ஒன்று அணைந்தால் இன்னொன்று

(எமது கல்லூரிப் பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், நேரலைக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பது ஒருத்திதான். ஆனால் இந்த உரை ஆறு பேருடையது. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் நெருக்கி இருந்து படித்த நாம் ஆறு பேரும் சேர்ந்தே இந்த நூற்றாண்டு விழாவின் நேரலை ஒளிபரப்பைப் பொறுப்பேற்றோம். ஒருத்தி மெல்பேர்ணில் மென்பொருட் பொறியியலாளர், ஒருத்தி கொழும்பில் வங்கி உத்தியோகத்தர், ஒருத்தி இதே கல்லூரியில் ஆசிரியை, ஒருத்தி இலண்டனில் கணக்காளர், மீதி இருவர் வைத்தியர்கள். இப்போது பேசிக்கொண்டிருப்பவள் மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியர். அதனால் இதில் கணினியை விட வைத்தியசாலை மணம் கொஞ்சம் கூடுதலாக வீசும். பொறுத்தருள வேண்டும்.

“நேரலை நன்றாய் இருந்தது, எப்படிச் செய்தீர்கள் என்று ஒருக்கால் சொல்லுங்கோ” என்று தலைவி கேட்டார். நன்றாய் நடந்ததைச் சொல்வதற்கு முன் நன்றாய் நடக்காததைச் சொல்லவேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த பரிசளிப்பு விழா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்றும் நேரலை செய்தது நாமே.

அந்த விழாவில் எமது விஞ்ஞான ரீச்சரின் பெயரில் ஒரு பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டது. ரீச்சர் அப்போது ரொறன்ரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். நடக்க முடியாது, கண் மங்கல், ஆனால் நினைவு கூர்மை. அங்கே காலை. மகள் கைக்கணினியைத் தலையணையில் சாய்த்து வைத்து அவரை எழுப்பி இருத்தியிருந்தார். பரிசு அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு முன் இங்கே மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கி ஒரு நிமிடத்துக்குள் இயங்கியது. மண்டபத்தில் விளக்கு எரிந்தது, ஒலிபெருக்கி பேசியது, விழா தொடர்ந்தது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு எதுவுமே நடக்கவில்லை. ஆனால் இணையப் பெட்டி அலுவலக அறையில் இருந்தது. அந்த அறையின் செருகி மின்பிறப்பாக்கி வரிசையில் இல்லை. பெட்டி செத்துவிட்டது. மீண்டும் ஒளிபரப்பைத் தொடங்கக் கடவுச்சொல் தேவைப்பட்டது. அது எங்களில் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அவள் அந்த நேரம் விமானத்தில் இருந்தாள்.

ஒளிபரப்பாகும்போது தானாகவே பதிவாகும் என்று நம்பியதால் கமராவிலும் நாம் பதிவு செய்யவில்லை. அந்த நாற்பது நிமிடங்கள் எங்கேயும் இல்லை. “பரவாயில்லை பிள்ளையள், அடுத்த முறை பார்ப்பம்” என்று ரீச்சர் குரற்பதிவு அனுப்பினார். மூன்று மாதத்தில் காலமானார். அடுத்த முறை அவருக்கு வரவில்லை.

யாரிலும் பழி போட எமக்கு இடமில்லை. ஒலிவாங்கிக்கு மூன்று மாற்று வைத்திருந்தோம். பூமாலைக்குக்கூட மாற்று இருந்தது. செருகிக்கு இல்லை. ஆயத்தம் செய்யாமல் தோற்கவில்லை. ஆயத்தத்தைத் தவறான இடத்தில் செய்து தோற்றோம். அதன் பின்னர்தான் இதை ஒரு பாடமாகவே படிக்கத் தொடங்கினோம்.

மெல்பேர்ண் தோழி முதலில் செய்வித்தது ஒரு சங்கிலி வரைதல். கமரா, ஒலிக்கலவை இயந்திரம், படத்தைச் சுருக்கி அனுப்பும் மடிக்கணினி, இணையப் பெட்டி, வெளியே போகும் பைபர் இணைப்பு, யூரியூப்பின் வாசல், அங்கிருந்து உலகமெங்கும் பிரதி பண்ணி வைக்கும் சேர்வர்கள், கடைசியில் பார்ப்பவர் கையிலுள்ள கருவி. ஒரு வளையம் அறுந்தாலும் படம் இல்லை. இவற்றில் எம் கையிலுள்ளவை முதல் ஐந்து. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 பங்கு நம்பகமானது என்று வையுங்கள். 99 என்றால் நல்ல புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும்போது பெருக்கவேண்டும். விடை ஏறக்குறைய 95. மூன்று மணிநேர விழாவில் ஒன்பது நிமிடம் இருட்டு. அந்த ஒன்பது நிமிடத்துக்குள் யாருடைய பரிசு வரும் என்று எவருக்கும் தெரியாது.

இதையே பக்கம் பக்கமாக வைத்தால் கணக்கு மாறிவிடும். 99 பங்கு நம்பகமான இரண்டு இணைப்புகள், ஒன்று விழுந்தால் மற்றது ஏந்திக்கொள்ளும் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் விழும் வாய்ப்பு நூறில் ஒன்றின் நூறில் ஒன்று. அதாவது 99.99. பெரிய சேவைகள் இந்த ஒன்பதுகளையே எண்ணிக்கொண்டிருக்கின்றன. மூன்று ஒன்பது என்றால் வருடத்தில் எட்டே முக்கால் மணிநேரம் நிற்கலாம். நான்கு என்றால் 53 நிமிடத்துக்குள். ஐந்து என்றால் ஐந்து நிமிடம் சொச்சம். ஒவ்வொரு ஒன்பதுக்கும் விலை ஏறும். ஆகவே எத்தனை ஒன்பது வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும். நாம் கேட்டுக்கொண்ட கேள்விகள் இரண்டு: படம் எவ்வளவு நேரம் நிற்கலாம்? எவ்வளவு பகுதி ஒரேயடியாய்த் தொலையலாம்? முதலாவதுக்கு அரை நிமிடம் என்று எழுதினோம். இரண்டாவதுக்குப் பூச்சியம் என்று எழுதினோம். பூச்சியம் மலிவானது, இரண்டு கமராக்களிலும் நினைவட்டை போட்டுப் பதிவு பொத்தானை அழுத்தினால் போதும். முந்திய விழாவில் நாம் செய்யாதது அதைத்தான்.

ஆனால் அந்தப் பெருக்கலுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கவேண்டும். ஒரே காரணம் இரண்டையும் வீழ்த்துமானால் இரண்டு என்பது பெயருக்குத்தான் இரண்டு. 2012 ஒக்டோபரில் சாண்டி புயல் நியூயோர்க்கைத் தாக்கியபோது, அங்கே பெரிய வைத்தியசாலைகளில் மின்பிறப்பாக்கிகள் இருந்தன. ஆனால் எரிபொருளை மேலே ஏற்றும் பம்பிகள் நிலக்கீழ்த் தளத்தில் இருந்தன. கடல்நீர் முதலில் புகுந்தது அங்கேதான். ஒரு வைத்தியசாலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை இரவோடிரவாகப் படிக்கட்டு வழியே இறக்கினார்கள். இன்னொன்றில் ஊழியர்கள் வரிசையாய் நின்று பதின்மூன்றாம் மாடிக்குக் கைமாற்றி எரிபொருள் ஏற்றினார்கள். எமது நாட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தபோது, எத்தனை நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தாலும் பலருக்கு வெளியுலகம் அற்றுப்போனது. விற்றவர்கள் வேறு வேறு. கடலுக்கடியில் போனது ஒன்றே.

இதைப் படித்த பிறகு கல்லூரி வளவைச் சுற்றி நடந்து பார்த்தோம். இரண்டு நிறுவனங்களின் பைபர் எடுக்கலாம் என்றிருந்தோம். இரண்டும் வீதியில் ஒரே தூணில் தொங்கித்தான் உள்ளே வருகின்றன. ஒரு தென்னோலை போதும். ஆகவே ஒன்றை பைபராகவும் மற்றதைக் கைத்தொலைபேசி இணைப்பாகவும் வைத்தோம். இணையப் பெட்டிக்குச் சிறிய மின்கலப் பெட்டி ஒன்றைத் தனியாகக் கொடுத்தோம். இரண்டாவது மடிக்கணினி இன்னொரு தோழியின் பழையது. அது தன் மின்கலத்திலேயே ஓடியது.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பாடத்தை அடிபட்டே படித்தன. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2008இல் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஓகஸ்டில் அவர்களின் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாள் ஒரு தட்டும் அனுப்ப முடியவில்லை. அதன்பின் ஒரே பெரிய இயந்திரத்தை நம்புவதை விட்டு, அமேசனின் பல சேர்வர்களுக்குச் சிறுகச் சிறுக மாறத் தொடங்கினார்கள். அந்த மாற்றம் முடிய 2016 ஆயிற்று. இடையில் 2012 நத்தாருக்கு முந்திய நாள், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், வருகின்ற கேள்விகளைச் சேர்வர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அமேசனின் பகுதி செயலிழந்தது. பராமரிப்பு வேலை ஒன்று தவறான இடத்தில் ஓடி, தேவையான தரவை அழித்துவிட்டிருந்தது. குடும்பங்கள் ஒன்றுகூடித் தொலைக்காட்சிக்கு முன் இருந்த மாலையில் பலருக்குப் படம் இல்லை. சேர்வர்கள் பல இருந்தும், அந்தப் பார்வையாளர்களுக்கான வாசல் ஒரு பிராந்தியத்தில் இருந்தது.

அதன் பின்னர் அவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பிராந்தியங்களை ஒரே நேரத்தில் இயக்கினார்கள். ஒன்று விழுந்தால் பார்வையாளரை மற்றவற்றுக்குத் திருப்புவார்கள். இதில் கவனிக்க ஒரு விடயம் உண்டு. மற்றவை அந்தச் சுமையையும் தாங்கவேண்டும். எல்லாம் நிரம்பி வழிய ஓடிக்கொண்டிருந்தால், ஒன்று விழ மற்றதும் அமிழ்ந்துபோகும். ஓய்வாய் இருப்பது போலத் தெரியும் அந்த இடைவெளி வீண்செலவு அன்று, அதுதான் காப்பு. முன்பு ஏறக்குறைய 50 நிமிடம் எடுத்த அந்த மாற்றத்தை 2018 அளவில் 10 நிமிடத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

இனி எம் தொழிலுக்கு வருவோம். காலையில் முதல் நோயாளி சத்திரசிகிச்சை மேசைக்கு வருமுன், மயக்கமருந்து வைத்தியர்களாகிய நாம் இயந்திரத்தைச் சோதிப்போம். சுவர்க்குழாயில் ஒட்சிசன் வருகிறதா? அது நின்றால் இயந்திரத்தின் பின்னால் மாட்டியிருக்கும் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா? மின்சாரம் போனால் மின்கலம் தாங்குமா? இயந்திரமே நின்றுபோனால், பக்கத்தில் தொங்கும் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பை இருக்கிறதா? அந்தப் பையைப் பார்க்காமல் நாம் ஒருவரையும் உறங்க வைப்பதில்லை. பெரும்பாலான நாட்களில் அதைத் தொடும் தேவை வராது. ஆயினும் ஒவ்வொரு காலையும் பார்ப்போம்.

எமது உடலுக்குள்ளும் இந்த ஏற்பாடு இருக்கிறது. இதயத்தின் வலது சோணையறைச் சுவரில் ஒரு சிறு கணு உண்டு. நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கச் சொல்லி அதுவே கட்டளை இடுகிறது. அது ஓய்ந்தால் சோணையறைக்கும் இதயவறைக்கும் நடுவிலுள்ள கணு பொறுப்பேற்கும். அதன் வேகம் 40 முதல் 60. அதுவும் கைவிட்டால் இதயவறையே தானாகத் துடிக்கும். 20 முதல் 40. ஓட முடியாது, மாடிப்படி ஏற முடியாது, தலை சுற்றும். ஆனால் வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் வரை உயிர் நிற்கக்கூடும். தரம் குறைந்தாலும் நிற்காமல் இருப்பது என்பதை இதை விட அழகாய் ஒருவராலும் வடிவமைக்க முடியாது.

ஒளிபரப்பிலும் அதே முறைதான். படம் சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் வைக்கப்படுகிறது. இணைப்பு மெலிந்தால் உங்கள் கைத்தொலைபேசி அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் எடுத்துக்கொள்ளும். படம் மங்கும், நிற்காது. 2019 உலகக் கிண்ணத்தில் இந்தியா நியூசிலாந்து அரையிறுதியை ஹொட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 25 மில்லியனுக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். அப்படியான வேளைகளில் நெருக்கடி வந்தால், “உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை” போன்ற அலங்காரங்களை முதலில் அணைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் ஓடவிடுவார்கள். வெள்ளம் வந்தால் முதலில் பிள்ளையைத் தூக்குவோம். அலுமாரியைப் பிறகு பார்ப்போம். நாமும் எமது வரிசையை எழுதினோம். முதலில் குரல். இரண்டாவது மேடைப் படம். மூன்றாவது இரண்டாம் கமரா. கடைசியாகத்தான் எழுத்தும் இலச்சினையும் பூவேலையும். எல்லாம் போனால் கல்லூரிப் படம் ஒன்று அசையாமல் நிற்க, குரல் மட்டுமாவது போகவேண்டும்.

ஒன்று விழுந்ததை யார் அறிவது என்பது அடுத்த கேள்வி. சேர்வர்கள் ஒன்றுக்கொன்று விடாமல் “இருக்கிறேன்” என்று சொல்லும் சிறு சமிக்ஞைக்குப் பொறியியலாளர்கள் வைத்த பெயர் இதயத்துடிப்பு. கேட்டதும் வைத்தியர் இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதிலுள்ள சிக்கல் எமக்குப் பழக்கமானது. இதயமுடுக்கி பொருத்திய நோயாளியில் அந்தக் கருவி இதயத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். துடித்தால் பேசாமல் இருக்கும், துடிக்காவிட்டால் தூண்டும். ஏதோ இரைச்சலைத் துடிப்பென்று தவறாக எண்ணினால் தேவையான வேளையில் பேசாமல் இருந்துவிடும். இருக்கிற துடிப்பைக் கேட்கத் தவறினால் தேவையில்லாமல் தூண்டும். ஒளிபரப்பிலும் அப்படித்தான். ஒரு விநாடி தயங்கியதும் மாறிவிட்டால் படம் அங்குமிங்கும் தாவும். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் பார்ப்பவர் போய்விடுவார். இரண்டுமே “நானே பிரதானம்” என்று எண்ணி அனுப்பத் தொடங்கினால் அதைவிடக் குழப்பம். ஆகவே ஒரு விதி வைத்தோம்: பத்து விநாடி பார்ப்பது, மாறினால் மாறியதுதான், பழையது திரும்பி உயிர்த்தாலும் விழா முடியும்வரை அதற்குத் திரும்புவதில்லை.

அறிவிக்கும் ஆளையும் மண்டபத்துக்குள் வைக்கவில்லை. உள்ளே இருப்பவருக்கு எல்லாம் நன்றாகவே தெரியும் என்பதை முன்னைய விழாவில் கண்டோம். மெல்பேர்ணில் ஒருத்தியும் இலண்டனில் ஒருத்தியும், சாதாரண பார்வையாளராய்த் தங்கள் வீட்டு இணைப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவதே உண்மை. படம் நின்றால் வட்ஸ்அப்பில் அல்ல, தொலைபேசியில் அழைக்கவேண்டும் என்று ஏற்பாடு. இங்கே இணையம் செத்தால் வட்ஸ்அப்பும் சேர்ந்து செத்துவிடுமல்லவா? 2021 ஒக்டோபர் 4ஆந் திகதி பேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணிநேரம் முடங்கியபோது, அதைத் திருத்துவதற்கான அவர்களின் உட்கருவிகளும் அதே வலையமைப்பில்தான் இருந்தன. சாவி வீட்டுக்குள்ளே, ஆள் வாசலில். எமது கடவுச்சொல் விமானத்தில் பறந்த கதையும் அதுதானே.

இந்த ஏற்பாடெல்லாம் கடதாசியில் வெகு அழகாய் இருந்தது. அது போதாது என்று சொன்னவள் மெல்பேர்ண் தோழி. நெட்பிளிக்ஸ் பொறியியலாளர்கள் தங்கள் சேர்வர்களை வேண்டுமென்றே அங்கொன்றும் இங்கொன்றுமாய் நிறுத்திப் பார்க்கும் ஒரு மென்பொருளை எழுதினார்கள். 2010இல் வெளியுலகுக்குச் சொன்னார்கள். அதற்கு ‘கேயொஸ் மங்கி’ என்று பெயர், குழப்படிக் குரங்கு. அலுவலக நேரத்தில், எல்லோரும் விழித்திருக்கும்போதே, அந்தக் குரங்கு புகுந்து எதையாவது பிடுங்கிவிடும். மற்றவை தாங்குகின்றனவா என்று தெரிந்துவிடும். எமது நாட்டில் குரங்குக்கு மென்பொருள் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.30 மணியளவில் பாணந்துறை மின்நிலையத்தில் ஓர் உண்மைக் குரங்கு பட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. எல்லோரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் ஒரு குரங்கு ஒரு தீவையே அணைக்கக்கூடியதாய் இருந்ததுதான் சிந்திக்கவேண்டியது. அது அன்றைக்குக் குரங்கு. இன்னொரு நாள் ஒரு மரக்கிளை.

ஆகவே அதிபரிடம் அனுமதி பெற்று, பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை எமது குரங்காக நியமித்தோம். ஒத்திகை நடக்கும்போது எந்தச் செருகியையும் எப்போதும் அவள் பிடுங்கலாம். ஒருவரிடமும் சொல்லத் தேவையில்லை. பிள்ளை வெகு மகிழ்ச்சியோடு வேலை செய்தாள். முதல் ஒத்திகையில் இணையப் பெட்டியைப் பிடுங்கினாள், தாங்கினோம். பிறகு ஒலிக்கலவை இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கினாள். இரண்டு கமரா, இரண்டு மடிக்கணினி, இரண்டு இணைப்பு. ஆனால் இரண்டு பாதைக்கும் குரல் வந்தது அந்த ஒரே இயந்திரத்திலிருந்து. படம் தெளிவாய்ப் போக, எல்லாரும் ஊமைகளாய் வாயசைத்தோம். அன்று மாலையே இரண்டாம் கமராவில் தனி ஒலிவாங்கி ஒன்றைச் செருகினோம்.

மூன்றாம் ஒத்திகையில் அவள் ஒரு கம்பியையும் தொடவில்லை. மடிக்கணினிக்கு முன்னால் இருந்த எங்கள் ஆசிரியைத் தோழியிடம் போய், “மிஸ், உங்களுக்குத் தலைசுற்று. நீங்கள் போய் இருங்கோ” என்றாள். சுற்றி நின்ற நாம் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. எல்லாவற்றுக்கும் மாற்று வைத்த நாம், ஆளுக்கு மாற்று வைக்கவில்லை. அந்த இரவு ஒரு பக்கத்தில், கைப்பட, தமிழில், பத்து வரியில் செய்முறை எழுதினோம். கடவுச்சொல்லை மூடிய உறையில் போட்டு அதிபரிடம் கொடுத்தோம். கல்லூரி ஊடகக் கழகப் பிள்ளைகள் நால்வரை அழைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் கையில் கொடுத்து, நாம் வெளியே போய் நின்றோம். பிள்ளைகள் செய்து காட்டினார்கள்.

கடந்த சனிக்கிழமை விழாவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாததுதான் எமக்கு வெற்றி. மாலை 6.40க்கு, சிறிய வகுப்புப் பிள்ளைகளின் நடனம் முடியும் வேளை, பைபர் இணைப்பு அறுந்தது. ஏன் என்று இன்னும் தெரியாது. இரண்டாவது மடிக்கணினி தொடக்கத்திலிருந்தே கைத்தொலைபேசி இணைப்பு வழியாக யூரியூப்பின் இரண்டாம் வாசலுக்கு அதே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பு தாங்கக்கூடிய தரத்திலேயே இரண்டையும் வைத்திருந்தோம். மெல்பேர்ணிலிருந்து அழைப்பு வந்தது: “வட்டம் சுத்துது... நில்லுங்கோ... வந்திட்டுது.” மணிக்கூட்டைப் பார்த்தோம். பதினொரு விநாடி. மடிக்கணினிக்கு முன்னால் இருந்தது நாமல்ல, ஊடகக் கழகத்துப் பிள்ளை. அவள் நிமிர்ந்து பார்த்து, “மிஸ், ஒன்றும் செய்யத் தேவையில்லைத்தானே?” என்று கேட்டாள். தேவையில்லை என்றோம்.

பதினைந்து நிமிடம் கழித்து ரீச்சரின் பெயரிலான விஞ்ஞானப் பரிசு வழங்கப்பட்டது. ரொறன்ரோவில் மகள் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு அம்மாவைச் சாய்த்து இருத்திய அதே நேரத்தில் தானும் எழும்பி இருந்து பார்த்ததாக எழுதினார். நாம் பதில் எழுத வெகுநேரம் பிடித்தது. இழந்த அந்த நாற்பது நிமிடத்துக்கு எந்த ஒன்பதும் ஈடாகாது என்பதை அறிவோம்.

இவ்வளவும் பேசியபின் ஒன்று தோன்றுகிறது. இந்தப் பாடம் எமக்குப் புதிதல்ல, மறந்துபோன பாடம். 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் போட்டுப் படித்தோம். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலி பேசும். சுற்றுபவர் களைத்தால் அடுத்தவர் கை மாற்றுவார், செய்தி நிற்காது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் எமது கல்லூரி அலுவலகப் பதிவேடுகள் இங்கேயே விடப்பட்டன. தென்மராட்சியில் இன்னொரு பாடசாலையின் மாமர நிழலில், பின்னேர வகுப்புகளாய் நாம் மீண்டும் கூடியபோது, யார் யார் எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று சொல்லப் பதிவேடு இல்லை. எமது விஞ்ஞான ரீச்சர் சேலைகளுக்கு நடுவில் ஒரு கொப்பி கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் பாடங்களும் அதில் இருந்தன. “ஒரு இடத்தில மட்டும் எழுதி வைக்கிறது எழுதாததுக்குச் சமன்” என்று அன்று சொன்னார். அந்தக் கொப்பியை வைத்தே சாதாரண தரப் பரீட்சைக்கு எங்களைப் பதிவு செய்தார்கள். அவரிடம் படித்த நாமே, அவருடைய பரிசை ஒரே இடத்தில் வைத்துத் தொலைத்தோம்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு யாரிடம் இருக்கிறது? ஒரு பிரதிதானா? மின்னஞ்சல் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? நிதி அனுப்பும் வெளிநாட்டுக் கிளைகளின் தொடர்பு யாருடைய கைத்தொலைபேசியில் இருக்கிறது? அவருக்குத் தலைசுற்றினால் அடுத்தவர் யார்? ஒவ்வொரு பதவிக்கும் பத்து வயதாவது இளையவர் ஒருவரைத் துணையாக வையுங்கள். பெயருக்கு வைத்தால் போதாது. வருடத்தில் ஒரு மாதமாவது அவரே நடத்தட்டும். மூத்தவர் வெளியே நின்று பார்க்கட்டும். பிழை வரும். விழா இல்லாத மாதத்தில் வரும் பிழை மலிவானது.

எமது நேரலைப் பொறுப்பை இன்றிலிருந்து ஊடகக் கழகப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறோம். இன்று உங்களுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே. அந்தப் பத்து வரிப் பக்கம் அவர்களிடம் இருக்கிறது. ஒரு பிரதி அதிபரிடம், இன்னொன்று இந்த மலரைத் தொகுப்பவர்களிடம். நாம் மாற்று ஆட்களாய் நிற்போம். அழைத்தால் வருவோம், அழைக்காவிட்டால் இன்னும் மகிழ்ச்சி.